கணக்குப் பதிவை வெளியூர் நிறுவனத்திடம் கொடுத்து வாங்கிய பதினெட்டு மாதங்கள்: ஓர் ஆடிட்டரின் மதிப்பீடு

பாளையங்கோட்டையில் தனியாகத் தொழில் நடத்தும் ஆடிட்டர் நான். உதவிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். திருநெல்வேலி டவுன் ரதவீதிக் கடைகள், அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை, கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரம், முக்கூடல் பீடிக் கம்பெனி என்று, இந்தச் சீமையின் பிழைப்பு எப்படியோ அப்படித்தான் என் வாடிக்கையாளர் பட்டியலும் இருக்கும். 2024 ஏப்ரல் முதல் 2025 செப்டம்பர் வரை, இவர்களில் ஒரு பகுதியினரின் கணக்குப் பதிவையும், ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) படிவங்களுக்கான முன்தயாரிப்பையும், ஆடிட்டர் அலுவலகங்களுக்காகவே அந்த வேலையைச் செய்து தரும் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தேன். என்னைப் போன்ற சிறிய அலுவலகம் நடத்தும் நண்பர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால், நிறையையும் குறையையும் இங்கே எழுதி வைக்கிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இந்த முடிவுக்கு என்னைத் தள்ளியது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம். ஜங்ஷன் பகுதியில் இருந்த என் வாடிக்கையாளர் ஒருவரின் கடைக்குள் தாமிரபரணித் தண்ணீர் புகுந்து, அந்த ஆண்டின் கொள்முதல் பில்கள் முழுவதும் சேறாகிப் போயின. அவற்றை மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்து, ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிளேடால் பிரித்து, படிக்க முடிந்ததைப் படித்து எழுதிய அந்தப் பத்து நாளில்தான், பில் என்பது கடையில் கிடக்கக் கூடாது, வந்த அன்றே படமாக வேறிடத்துக்குப் போய்விட வேண்டும் என்று தீர்மானித்தேன். மற்றொரு காரணம் ஆள் பற்றாக்குறை. ஆடிட்டர் படிப்புப் படிக்கும் பிள்ளைகள் எங்களைப் போன்ற அலுவலகங்களில் பெறும் ஆர்ட்டிகிள் பயிற்சி, 2023 ஜூலையிலிருந்து மூன்று ஆண்டுக்குப் பதில் இரண்டு ஆண்டாகிவிட்டது. ஒரு பிள்ளை வேலை பழகித் தேறும் நேரத்தில் பயிற்சி முடிந்துவிடுகிறது. தேறியவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள், அது அவர்கள் தவறும் அல்ல.

ஏற்பாடு எளிமையானது. வாடிக்கையாளர்கள் பில்லைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். மாலை ஐந்து மணிக்குள் நாங்கள் அதைப் பொதுக் கோப்புறையில் ஏற்றிவிட்டால், மறுநாள் காலை பத்து மணிக்குள் டாலி கணக்கு மென்பொருளில் பதிவாகியிருக்கும். ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் 200 பதிவு வரை 1,600 ரூபாய், ஜிஎஸ்டி முன்தயாரிப்புக்கு 500 ரூபாய், இவற்றின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பது எனக்குப் பேசிய கட்டணம். ஆறு வாடிக்கையாளர்களோடு தொடங்கி, மூன்று மாதத்தில் இருபத்திரண்டுக்கு உயர்த்தினேன்.

முதலில் நிறையைச் சொல்கிறேன், ஏனென்றால் அது பெரியது. ஜிஎஸ்டி வேலை தேதிகளால் நடப்பது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1, விற்றவர்கள் காட்டிய பில்களைத் தொகுத்து 14ஆம் தேதி வரும் 2பி அறிக்கை, 20ஆம் தேதி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி படிவம். காலாண்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 13ஆம் தேதி, 3பி நம் மாநிலத்துக்கு 22ஆம் தேதி. இடையில் 7ஆம் தேதி டிடிஎஸ் செலுத்த வேண்டும். முன்பெல்லாம் 2பி வந்த பிறகுதான் கொள்முதல் புத்தகத்தை எடுத்து ஒப்பிட உட்காருவோம், 18, 19ஆம் தேதிகளில் இரவு பதினோரு மணி வரை அலுவலகத்தில் விளக்கு எரியும். விற்றவர் தம் படிவத்தில் காட்டாத பில்லுக்கு உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியை, கழித்துக்கொள்ள முடியாது என்பதால், யார் காட்டவில்லை என்று கண்டுபிடித்து அவரைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் 20ஆம் தேதி வந்துவிடும். இந்த நிறுவனம் 15ஆம் தேதி மாலையே ஒப்பீட்டுப் பட்டியலைத் தந்துவிடுகிறது. பில் நம்மிடம் இருந்து 2பியில் இல்லாதவை ஒரு தாளில், 2பியில் இருந்து பில் நம்மிடம் வராதவை இன்னொரு தாளில், எண்ணோ தேதியோ தொகையோ மட்டும் மாறுபடுபவை மூன்றாவது தாளில் இருக்கும். இந்த இரண்டாவது தாள் எனக்குப் பெரிய உதவி. வாடிக்கையாளர் அனுப்ப மறந்த பில்களை அவருக்கு முன்பாகவே நான் கேட்கும் நிலை முதல் முறையாக வந்தது. பதினெட்டு மாதத்தில் இந்த வாடிக்கையாளர்களில் ஒருவருக்குக்கூட ஜிஎஸ்டி தாமதக் கட்டணம் விழவில்லை.

மாற்றங்களைக் கவனிப்பதிலும் அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாத உரிமையாளரிடம் வணிகக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருக்கும் பதிவு பெற்ற வியாபாரி, கொடுப்பவருக்குப் பதில் பெறுபவரே வரி கட்டும் ஆர்சிஎம் முறையில், 18 சதவீத வரியைத் தாமே கட்ட வேண்டும் என்று ஆனது. ரதவீதியிலும் ஜங்ஷனிலும் பாதிக் கடைகள் இப்படிப்பட்ட வாடகைக் கட்டடங்களில்தான் நடக்கின்றன. யாருக்கெல்லாம் இது பொருந்தும், யார் கட்டட உரிமையாளரின் ஜிஎஸ்டி எண் நம்மிடம் இல்லை என்ற பட்டியல் அக்டோபர் மூன்றாம் வாரமே என் மேசைக்கு வந்துவிட்டது. அதுபோலவே 2025 செப்டம்பர் 22இல் வரி விகிதங்கள் மாறியபோது, ஓர் அல்வாக் கடையின் பொருட்பட்டியலை முன்கூட்டியே திருத்தித் தந்தார்கள். அல்வாவுக்கு எப்போதும் 5 சதவீதம்தான். ஆனால் பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டி விற்கும் மிக்சரும் காராசேவும் அதுவரை 12 சதவீதத்தில் இருந்து, அன்று முதல் 5 சதவீதத்துக்கு இறங்கின. அன்று காலை கடை திறந்தபோது பில் போடும் கணினியில் சரியான விகிதம் இருந்தது. தனியாளாக நான் இதைச் செய்திருந்தால் நிச்சயம் இரண்டு நாள் பிந்தியிருக்கும்.

இனி, நம் ஊர்க் கணக்கின் தன்மையால் வந்த சிக்கல்களைச் சொல்ல வேண்டும். இங்கே பாதிச் சான்றுகள் அச்சடித்த பில்லாக வருவதில்லை, கைச்சீட்டாக வருகின்றன. டவுனில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரின் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில், நீலப் பேனாவில், “வண்டி 1,200, இறக்குக்கூலி 480, சாக்கு 150, மகமை 64” என்று நான்கு வரி, கீழே ஒரு கோடு, கூட்டல், தேதிக்குப் பதிலாக “செவ்வாய்” என்று மட்டும் இருக்கும். இந்த ஒரு சீட்டில் நான்கு வகைக் கணக்கு இருக்கிறது. வண்டி என்பது லாரி அலுவலகம் ரசீது போட்டு அனுப்பியதா, தெருமுனை டெம்போக்காரர் ஏற்றி வந்ததா என்று பார்க்க வேண்டும். முதலாவதானால் ஆர்சிஎம்மில் 5 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும், இரண்டாவதானால் வேண்டியதில்லை. மகமை என்பது வியாபாரி தம் வாடிக்கையாளரிடம் சிறு தொகையாக வாங்கிச் சங்கத்தின் தர்மத்துக்குச் சேர்ப்பிப்பது. அது அவருடைய வருமானமும் அல்ல, செலவும் அல்ல, கொடுக்க வேண்டிய பாக்கியாகப் பேரேட்டில் நிற்க வேண்டும். வியாபாரிகள் தர்மத்துக்கென்று வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகை அவர்கள் வருமானமாகாது என்று பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979 வாக்கிலேயே சொல்லிவிட்டது.

இந்தச் சொற்கள் எதுவும் வெளியூரில் இருந்து பதிவு செய்யும் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் ஒன்று செய்தார், கேட்டார். நாள்தோறும் பதிவோடு ஒரு கேள்வித் தாளும் வரும். “மகமை என்றால் என்ன, தள்ளுபடியா நன்கொடையா?” என்று 2024 மே மாதத் தாளில் இருந்த கேள்வியை இன்னும் வைத்திருக்கிறேன். அரிசி ஆலையின் விற்பனைக்கு முதல் வாரத்தில் 5 சதவீத வரி போட்டுவிட்டு, மறுநாள் அவரே, “எல்லா மூட்டையும் 26 கிலோவாக இருக்கிறதே, இதற்குக் காரணம் உண்டா?” என்று எழுதினார். காரணம் உண்டு. 2022 ஜூலை 18 முதல், அடைத்துப் பெயர் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை 5 சதவீத வரிக்கு உட்பட்டது. அதற்கு மேற்பட்ட எடையில் வரி இல்லை. அதனால்தான் ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. ஒரு வரியில் பதில் எழுதினேன், அதன் பிறகு அந்தப் பிழை வரவே இல்லை. அப்பளத்துக்கு வரி இல்லை என்பதையும் அவர் கேட்டுத்தான் உறுதி செய்துகொண்டார். இப்படிக் கேட்பவருக்குப் பதில் சொல்ல எனக்கு நாளைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் என் வாடிக்கையாளர்களின் தொழிலை நான் இதுவரை அறியாத அளவுக்கு அறிந்துகொண்டேன் என்பதையும் மனமாரச் சொல்கிறேன்.

2025 ஜனவரி மத்தியில் கேள்வித் தாள் மெலியத் தொடங்கியது. பதினைந்து கேள்வி இருந்த இடத்தில் நான்கு, பிறகு இரண்டு, பிப்ரவரியில் பல நாட்கள் வெறும் தாளே வந்தது. வேலை பழகிவிட்டார்கள், இனிக் கேட்க ஒன்றும் இல்லை என்று நான் நினைத்தேன். அது என் தவறு. ஏப்ரலில் ஆண்டுக் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோது, மளிகை வியாபாரியின் ‘இதர செலவு’ இரண்டே மாதத்தில் முந்தைய ஒன்பது மாதத் தொகையைத் தாண்டியிருந்தது. திறந்து பார்த்தால், வண்டி, கூலி, சாக்கு, மகமை எல்லாம் அதற்குள் கிடந்தன. புரியாததை, இன்னதென்று தெரியாதவற்றுக்கான அனாமத்துக் கணக்கில் போட்டிருந்தாலாவது கண்ணில் பட்டிருக்கும்; பெயர் தெரிந்த கணக்குக்குள் போட்டு மூடியதால், எல்லாக் கணக்குகளின் இருப்பையும் காட்டும் இருப்பாய்வில் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. லாரி அலுவலக வாடகை 1,86,000 ரூபாய்க்கு ஆர்சிஎம் வரி 9,300 ரூபாய் கட்டப்படாமல் விடுபட்டிருந்தது. வரியைக் கட்டச் செய்து, 18 சதவீத வட்டியை நானே ஏற்றுக்கொண்டேன். வட்டி சில நூறு ரூபாய்தான், ஆனால் வாடிக்கையாளரிடம் அதை விளக்க வேண்டியிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

அதைவிடக் கனமான இன்னொன்று அதே சீட்டுகளுக்குள் இருந்தது. பிப்ரவரிச் சீட்டு ஒன்றில் “கைமாத்து வரவு 50,000” என்று எழுதியிருந்தது. பதிவில் அது ‘இதர வரவு’ என்று போயிருந்தது. கைமாற்று என்பது கடன். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது அந்த ஆண்டுக்குப் பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவு, மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தண்டம் விதிக்க இடமுண்டு. தணிக்கைக்கு உட்பட்டவரானால், வரித் தணிக்கை அறிக்கையோடு தரும் 3சிடி படிவத்தின் 31ஆவது பத்தியில் நான் அதை எழுதியே ஆக வேண்டும். அன்றே ஒரு கேள்வி வந்திருந்தால், அன்றே அவரை அழைத்து, “அண்ணாச்சி, இனிமேல் கைமாற்று வாங்கினால் வங்கி வழியாகவே வாங்குங்கள்” என்று சொல்லியிருப்பேன். அதன் பிறகு மார்ச்சில் அவர் வாங்கிய இன்னொரு கைமாற்றாவது தவிர்ந்திருக்கும்.

நிறுவனத்திடம் பேசியபோது காரணம் தெரிந்தது, அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர்கள் அமெரிக்கச் சிறு கணக்கு அலுவலகங்கள். அங்கே தனிநபர் வருமான வரிப் படிவத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 15 என்பதால், ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரை நன்றாக வேலை தெரிந்தவர்களையெல்லாம் அந்தப் பக்கம் மாற்றிவிடுகிறார்கள். எனக்குக் கேள்வி கேட்டு எழுதிய பெண்ணும் அப்படித்தான் போயிருந்தார். அவர் இடத்தில் வந்த புதியவருக்கு, கேள்வி அதிகமானால் தம் திறமையைக் குறைவாக மதிப்பார்கள் என்ற அச்சம். இதை முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான குறை. இருபத்திரண்டு பேரின் இரண்டு மாதப் பதிவுகளையும் கூடுதல் கட்டணம் இல்லாமல் மறுபடி பார்த்துத் தந்தார்கள், அதற்கு மூன்று வாரம் ஆனது.

வாடிக்கையாளரின் இரகசியத்தைப் பற்றி நண்பர்கள் அதிகம் கேட்கிறார்கள். ஆடிட்டர் தொழிலை ஆளும் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, தொழில் வழியே அறிந்ததை வாடிக்கையாளரின் ஒப்புதல் இன்றிப் பிறருக்கு வெளியிடுவதைத் தொழில்முறைத் தவறாகவே வைத்திருக்கிறது. ஆகவே கணக்கை வெளியே அனுப்பும் முன் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவில் இது இன்னும் கடுமை. படிவம் தயாரிப்பவர், வரி செலுத்துபவரின் ஒப்புதலைப் பெறாமல் அவருடைய விவரங்களை நாட்டுக்கு வெளியே அனுப்பினால் அவர்கள் வருவாய்ச் சட்டத்தின் 7216ஆவது பிரிவின்படி குற்றமாகும். அந்த வேலையைச் செய்து பழகியதால் இந்த நிறுவனத்திடம் நல்ல ஒப்புதல் கடித மாதிரி இருந்தது. யாருக்குக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதையெல்லாம் அது தெளிவாகச் சொன்னது. அதைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நேரில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன்.

முக்கூடல் பீடிக் கம்பெனிக்காரர் மறுத்துவிட்டார். “சார்வாள், எங்கணக்கு உங்ககிட்ட இருந்தாப் போதும். இலை எங்க வாங்குதேன், என்ன விலைக்கு வாங்குதேன்னு நாலு பேருக்குத் தெரியணுமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. அவர் கணக்கை அனுப்பவே இல்லை. ஒப்புதல் கேட்கப் போய் ஒருவர் மறுத்தால், அந்த மறுப்பை மதிக்கத்தான் அந்தக் கடிதம் இருக்கிறது.

வேறு சிலவற்றைக் கட்டாயம் நம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி தளத்தின் கடவுச்சொல், வருமான வரித் தளத்தின் கடவுச்சொல், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றை நான் கொடுக்கவில்லை. 2பி அறிக்கையை நாங்களே இறக்கி அனுப்பினோம், ஓடிபி வாடிக்கையாளரின் தொலைபேசிக்கு வந்து எங்கள் அலுவலகத்தில் இருந்தே தாக்கல் நடந்தது. வரித் தணிக்கையையும் அப்படியே. ரொக்கத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த செலவுகளின் பட்டியலை அவர்கள் எடுத்துத் தரலாம். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்காத பாக்கியைப் பற்றிய பட்டியலையும் தந்தார்கள், ஆனால் விற்றவர் சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு பெற்றவரா, உற்பத்தியாளரா, வெறும் வியாபாரியா என்ற தகவல் இல்லாததால் அது அரைகுறையாகவே இருந்தது. ஒவ்வொரு விற்பனையாளரையும் நாங்கள்தான் அழைத்துக் கேட்டோம். அறிக்கையில் கையெழுத்திட்டு, அதற்கான தனி அடையாள எண்ணான யுடிஐஎன் எடுப்பவர் நான் என்பதால், சான்றுகளைப் பார்ப்பதும் நானும் என் அலுவலகத்தாருமாகத்தான் இருக்க வேண்டும்.

செலவைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. இருபத்திரண்டு பேருக்கு மாதம் 46,200 ரூபாய், வரியோடு சேர்த்து 54,516 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு உள்ள ஆடிட்டர் அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கு அது முழுச் செலவு. என் அலுவலகத்தில் அனுபவமுள்ள ஒருவருக்கு நான் தரும் சம்பளத்தை வைத்துப் பார்த்தால், இரண்டு பேரைக் கூடுதலாக வைத்திருந்தாலும் ஏறக்குறைய இதே தொகைதான் ஆகியிருக்கும். ஆகவே பணம் மிச்சம் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். எனக்குக் கிடைத்தது நேரம். 2024 செப்டம்பரில், பல ஆண்டுகளுக்குப் பிறகு, தணிக்கைக் காலத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் உட்கார்ந்து அவர் வியாபாரத்தைப் பற்றிப் பேச முடிந்தது. ஒருவருக்கு, விற்றுமுதலில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டமே போதும் என்று காட்டி மாற்றிவிட்டேன்.

அச்சிட்ட பில், வங்கி வழியான வரவு செலவு, சீரான பொருட்பட்டியல் உள்ள கடைகளுக்கு, மருந்துக் கடை, மின்பொருள் கடை, வன்பொருள் கடை போன்றவற்றுக்கு, இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கைச்சீட்டில் நடக்கும் வியாபாரத்துக்கு, கேள்விக்குப் பதில் சொல்ல நாள்தோறும் நேரம் ஒதுக்கக்கூடியவர் மட்டும் கொடுங்கள். பேசி முடிக்கும்போது, ஜனவரி முதல் ஏப்ரல் வரை யார் உங்கள் வேலையைப் பார்ப்பார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2025 அக்டோபரில் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்தேன். இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். ஆளை மாற்றினால் பதினைந்து நாளுக்கு முன் சொல்ல வேண்டும், பழையவரும் புதியவரும் ஒரு வாரம் சேர்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது ஒன்று. ‘இதர செலவு’ என்ற கணக்கில் 500 ரூபாய்க்கு மேல் எந்தப் பதிவும் என்னைக் கேட்காமல் போகக் கூடாது என்பது மற்றொன்று. முதலில் கேள்வி கேட்டு எழுதிய அந்தப் பெண்ணையே திரும்பவும் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நேற்றைய தாளில் பதினோரு கேள்விகள் இருந்தன. மளிகை வியாபாரியின் கணக்கை மட்டும் திரும்ப அலுவலகத்துக்கே எடுத்துக்கொண்டேன். முக்கூடல்காரர் எப்போதும்போலச் சனிக்கிழமை காலையில் மஞ்சள் பையில் பேரேட்டோடு வந்து, மதியம் வரை என் எதிரே உட்கார்ந்து, வரி வரியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.